ஆறுமுக நாவலர் உத்தியோகம் விட்ட வரலாறு

நம் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்து செல்லும் வேளையிலே, முதியவர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்துத் தம் மகனைப் பற்றி முறையிட்டார். அவ்விளைஞர் நகரத்திலே ஓர் அலுவலகத்தில் நல்ல சம்பளத்தில் அமர்ந்திருந்தவர். வேறோர் உத்தியோகம் கைக்கு வருமுன்னரே அதனை விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தனர். தந்தையார் காரணம் வினவியபொழுது, ஆறுமுக நாவலரும் அவ்வாறு செய்தவரேயன்றோ என்று விடை கூறினராம். நாவலர் நம் வேளாண் மரபிலே தோன்றியவராதலானும், அவருடைய படம் நம் சங்க மண்டபத்துச் சுவரிலே பல்லாண்டுகளாக மாட்டப்பெற்றிருத்தலானும், தந்தையார்க்கு மறுமொழி தோன்றவில்லை. தமிழ் கற்பிக்கும் யாமே அதற்கு விடை கூறல் வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்.

அன்றிரவு யாம் நாவலர் சரித்திரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். படத்திற்கு மாலை சாத்துகின்ற நம்மிற் பலர் அவர் உத்தியோகத்தை உதறியதனை ஒரே நாளில் ஒரே மூச்சில் நிகழ்ந்த வீரச்செயலாகக் கருதிக்கொண்டிருக்கின்றோம். மேடைகளிலும் அவ்வாறே பேசுகின்றோம். யாமும் பேசியிருக்கின்றோம். ஆண்டுகளையும் மாதங்களையும் வரிசைப்படுத்தி நோக்குமிடத்து அஃது அத்துணை எளிய செய்தியன்று என்பது புலனாயிற்று. ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைப்புதல்வராய், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் ஆறுமுகம் என்னும் பெயரினர் பிறந்தனர். தந்தையார் தமிழ்ப் புலமையும் நாடகம் இயற்றும் ஆற்றலும் உடையவர். மைந்தருக்கு ஒன்பது வயதாயிருக்கும்போதே அவர் இறந்தனர். தாம் இயற்றிக்கொண்டிருந்த நாடகமொன்றை முற்றுப்பெறாது விட்டு அவர் மறைந்ததாகவும், அதனைச் சிறுவரே பாடி முடித்ததாகவும் சொல்லுவர். பின்னர்த் தமையன்மாரின் ஆதரவில் வளர்ந்து, சரவணமுத்துப் புலவரிடத்தும் அவர்தம் ஆசிரியராகிய சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றனர்.

ஆங்கிலம் கற்கும்பொருட்டு அவர் சேர்ந்த இடம் யாழ்ப்பாணத்து வெசுலியன் மிசன் பாடசாலை. இப்பொழுது மத்திய கல்லூரி என்று வழங்குவது அதுவே. அதனை அக்காலத்தில் நடத்தியவர் பீற்றர் பேர்சிவல் என்னும் பாதிரியார். மாணாக்கராய்ப் புகுந்த ஆறுமுகனார் இருபது வயதளவில் அப்பாடசாலையிலேயே ஆசிரியராயினர். கீழ் வகுப்பினர்க்கு ஆங்கிலமும் மேல் வகுப்பினர்க்குத் தமிழும் கற்பிப்பது அவர் தொழில். அதனோடு பேர்சிவலுக்குத் தமிழ்ப் பண்டிதராயிருந்து, விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையிலும் உடனிருந்து உதவினர்.

இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆங்கிலமும் தமிழும் ஒருங்கு அறிந்த இளைஞர் அந்நாளில் யாழ்ப்பாணத்திலே மிகுதியாக இல்லை. மிசன் பாடசாலையிற் படித்து வெளிவந்தவர்கள் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் உத்தியோகம் பெற்று உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆறுமுகனாருக்கோ கைநிறைந்த தொழிலும், துரையவர்களின் முழு நம்பிக்கையும் இருந்தன. இவரது சமயத்தைப் பேர்சிவல் வற்புறுத்தி மாற்ற முயன்றவருமல்லர். நெற்றியிலே திருநீறு துலங்கச் சைவராகவே இருந்து அவர் அங்கே தொழில் செய்தனர். எனவே மேலதிகாரியின் கொடுமை தாங்காது ஓடிவந்தவர் என்று அவரைச் சொல்லுதற்கு இடமில்லை. தொழிலைச் சரியாய்ச் செய்யாது நீக்கப்பட்டவருமல்லர். மனம் பொருந்திய இடத்தை விட்டு விலகுதல், மனம் வெறுத்த இடத்தை விட்டு விலகுதலினும் கடிது என்பது எம் கருத்து.

அவ்வாறாயின் அவர் மனத்தை அறுத்தது யாது? கிறித்தவப் பாதிரியார்கள் ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்தனர். அச்சுப் புத்தகம் கொடுத்தனர். வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லினர். ஞாயிறுதோறும் சனங்களைக் கூட்டிச் சமயப் பொருளைப் பேசினர். சைவர்களிடத்திலோ கோயில்கள் இருந்தன, சாத்திரங்கள் இருந்தன, புலவர்களும் இருந்தனர். ஆயினும் சாமானியப் பிள்ளையொருவன் தன் சமயம் இன்னதென்று அறிதற்கு ஒரு சிறு புத்தகமும் இல்லை. அறிந்தவர்கள் ஏட்டுச்சுவடியைக் கட்டிவைத்துக்கொண்டு தம்முள்ளேயே பேசிக்கொண்டனர். இக்குறையை வெளியே நின்று கண்டவர் பலர். ஆறுமுகனார் உள்ளே நின்று கண்டார். பாதிரியார்களின் வெற்றிக்குக் காரணம் அவர்களுடைய பொருள் மாத்திரமன்று, முறையுமாகும் என்பதை அம்முறையின்படி நாள்தோறும் தாமே கற்பித்தலால் அறிந்தனர். அவர் பிற்காலத்தில் எவற்றைக்கொண்டு மிசனரிமாரை எதிர்த்தனரோ, அவற்றிற் பெரும்பாலன அவர்களிடத்திலேயே சம்பளம் பெற்றுக்கொண்டு கற்றவை. சரித்திரம் எழுதுவோர் இதனை விரைந்து கடந்து போகின்றனர். எமக்கோ இதுவே முதன்மையானதாகத் தோன்றுகின்றது.

இனி நாள்களைக் கவனிப்போம். 1846-ஆம் ஆண்டளவிலேயே அவர் தம் வீட்டில் இளைஞர் சிலரைச் சேர்த்து, சம்பளமின்றித் தமிழும் சைவமும் கற்பிக்கத் தொடங்கினர். பகலிற் பாடசாலை, காலை மாலைகளில் இவ்வகுப்பு. பிறர் இளைப்பாறும் நேரமெல்லாம் இதற்கே சென்றது. அங்கே கற்றவர்களே பின்னர் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராயினர் என்பதனை நினைவில் வைத்தல் நலம்.

அடுத்து, 1847-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அது தொடங்கி வெள்ளிதோறும் அங்கே சைவப் பிரசங்கம் நடைபெறலாயிற்று. காரைதீவு கார்த்திகேய ஐயர் என்னும் நண்பரும் துணைநின்றனர். கோயிலிலே புராணத்தைப் பாட்டாகப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் முன்னரே உண்டு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வசன நடையிலே, ஆண்களும் பெண்களும் கேட்டு விளங்குமாறு ஒழுங்குபடப் பேசுவது அவ்வூருக்குப் புதிது. கொலை, புலால், கள், களவு முதலியவற்றின் தீமையையும், சிவபத்தியின் சிறப்பையும், கோயில்களில் நிகழும் சீர்கேடுகளையும் அவர் அஞ்சாது எடுத்துப் பேசினர். கேட்டவர் சிலர் புலாலுண்பதை ஒழித்தனர். கேட்டுச் சினந்தவரும் உளர்.

இவ்வாறு ஒன்பது மாதம் கழிந்தது. அந்த ஒன்பது மாதத்தையே யாம் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். வாரத்தில் ஐந்து நாள் மிசன் பாடசாலையிலே சம்பளத்திற்குக் கற்பித்தல். வெள்ளி மாலையிலே அம்மிசனின் போதனைக்கு மாறாகச் சிவன் கோயிலிலே நின்று பேசுதல். இவ்விரண்டும் ஒரே மனிதர் செய்தவை. இது நேர்மையா என்று கேட்பார் கேட்கலாம். மறைவாக நிகழ்ந்ததாயின் அக்கேள்வி பொருந்தும். ஆனால் கோயிலிலே பலர் கூடியிருக்கச் செய்த பிரசங்கம் துரைக்குத் தெரியாதிருந்திருக்க முடியாது. தெரிந்தும் அவர் விலக்கவில்லை. பண்டிதரின் தமிழ் இன்றித் தம் வேலை நடவாது என்பது அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். மனிதரின் தகுதியை மதித்தமை மற்றொரு காரணமாயிருக்கலாம். எவ்வாறாயினும் துரை பொறுத்துக்கொண்டார், பொறுக்கமாட்டாதவர் பண்டிதரே. ஒருவன் தன்னைப் பிறர் குற்றஞ்சாட்டாத இடத்தும் தானே தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி உண்டன்றோ? பகலில் ஒன்றுக்கும் மாலையில் மற்றொன்றுக்கும் நாவைக் கொடுப்பது எத்தனை நாளைக்கு என்னும் கேள்வி அது.

மொழிபெயர்ப்பு வேலையை அவர் அரைகுறையாக விட்டு விலகினாரல்லர் என்பதும் ஈண்டுக் கூறத்தக்கது. சரித்திரம் எழுதினோர் கூறுமாறு, அம்மொழிபெயர்ப்பு முடிந்தபின் பேர்சிவலுடன் சென்னைக்கும் சென்றனர். அங்குள்ளோர் அதன் தமிழ் நடையைக் குறித்து ஐயுற்றபொழுது, மழவை மகாலிங்கையர் அதனைப் படித்துப் பார்த்து நன்றென்று மதிப்புரைத்தனர். தாம் ஒப்பாத சமயத்தின் நூலேயாயினும், ஒப்புக்கொண்ட வேலையைப் பிழையறச் செய்துமுடித்துக் கொடுத்தனர். யாம் அறிந்த இளைஞர் பலர், உத்தியோகத்தை விடுவதற்கு ஆறு மாதத்திற்கு முன்னரே வேலையை விட்டுவிடுகின்றனர்.

1848-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே அவர் தம் உத்தியோகத்தை விட்டனர். வயது இருபத்தைந்து. பேர்சிவல் பலமுறை தடுத்தும், சம்பளம் உயர்த்தித் தருவதாகக் கூறியும், அவர் இசைந்திலர். இதனை அவரே பிற்காலத்தில் வெளியிட்ட விஞ்ஞாபனமொன்றிலே தெரிவித்திருக்கின்றனர். வேறோர் உத்தியோகத்தை உத்தேசித்தும் விட்டாரல்லர். அதன் பின்னர்த் தம் வாழ்நாள் முழுதும் ஒருவரிடத்தும் சம்பளத்திற்கு அமரவுமில்லை. சைவத்தையும் அதனை வளர்த்தற்குக் கருவியாகிய கல்வியையும் வளர்ப்பதே அவர் கருத்து. இல்லறத்திலும் அவர் புகவில்லை.

இல்லறத்தில் புகாமை என்பதனை நம்மனோர் துறவுச் சிறப்பாக மாத்திரம் போற்றுகின்றனர். யாம் அதனைக் கணக்காகவும் காண்கின்றோம். மாதந்தோறும் முதல் தேதியை எதிர்நோக்கி, அரிசிக் கடைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்திற்கும் பங்கிடும் எம்போல்வாருக்கு அக்கணக்கு எளிதில் விளங்கும். வரவு நின்றுவிடின் செலவும் நிற்கவேண்டும். வரவை விடுதற்கு முன்னரே செலவுக்கு வழியை அடைத்துக்கொண்டவர் நாவலர். அன்றியும் அவர் பிறந்தது அடுத்த வேளைச் சோற்றுக்கு ஏங்கும் குடும்பமன்று. தமையன்மார் உத்தியோகம் வகித்தவர்கள். இதனைக் கூறுவதனால் அவர் பெருமை குறையாது. கூறாது மறைத்தால், ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து அவரைப் பார்த்துப் புறப்படுகின்ற ஏழைப் பிள்ளைக்கு நாம் தீங்கு செய்தவராவோம்.

அதே 1848-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. சம்பளம் வாங்காது பிள்ளைகளுக்குக் கற்பித்தல் என்பது அதன் ஏற்பாடு. அப்பொழுது அவர் கையில் இருந்தவை யாவை என்று எண்ணிப் பார்ப்போம். இரண்டாண்டாக வீட்டிலே பயிற்றிய மாணாக்கர் சிலர் இருந்தனர். ஒன்பது மாதமாக வெள்ளிதோறும் வந்து கேட்கும் கூட்டம் இருந்தது. பாடசாலை நடத்தும் முறை மனத்திலே இருந்தது. பொருள் ஒன்றே இல்லை. ஆகவே, உத்தியோகம் இல்லாது விலகினார் என்பது மெய். தொழில் இல்லாது விலகினார் என்பது மெய்யன்று. தொழில் முன்னரே நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சம்பளம் கொடுப்பார்தாம் இல்லை.

பொருளுக்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று பிடியரிசி. வீட்டுப் பெண்கள் உலையிலே அரிசி இடும்பொழுது ஒரு பிடியை எடுத்து வேறாக வைப்பர். அதனைச் சேர்த்து வித்தியாசாலைச் செலவுக்குக் கொடுப்பர். ஒரு பிடி அரிசி குறைவதனால் எந்த வீட்டிலும் பசி உண்டாகாது. பல வீட்டுப் பிடிகள் சேருமிடத்துப் பள்ளிக்கூடம் ஒன்று நிற்கும். செல்வர் ஒருவரின் கொடை ஒருநாள் நின்றுபோகலாம். பிடியரிசியோ அடுப்பு எரியும்வரை வரும். ஆயினும் அதனை நம்பி நடத்துவது எத்துணைக் கடினம் என்பதைச் சங்கச் சந்தா திரட்டிப் பழகிய நம் காரியதரிசியவர்கள் நன்கறிவர். நெடுங்காலம் அரசாங்க நன்கொடையின்றியே அவ்வித்தியாசாலை நடைபெற்றது. அவருடைய மாணாக்கர்களே ஆசிரியர்களாய் இருந்து உழைத்தனர். அவர்களுள் முதல்வராகிய நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை, பிற்காலத்தில் அச்சுக்கூடம் வித்தியாசாலை ஆகிய எல்லாவற்றின் பாரத்தையும் தாங்கியவர். ஒருவர் உத்தியோகத்தை விட்டால் அதன் சுமை அவர் தோளில் மாத்திரம் ஏறுவதில்லை. நாவலர் பெயர் சொல்லும் நாம் சதாசிவப்பிள்ளை பெயரைச் சொல்ல மறந்துவிடுகின்றோம்.

பள்ளிக்கூடம் வைத்தபின் புத்தகம் வேண்டும். புத்தகத்திற்கு அச்சியந்திரம் வேண்டும். உத்தியோகத்தை விட்டு ஓராண்டு நிரம்புமுன்னரே, 1849-ஆம் ஆண்டிலே, சதாசிவப்பிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு அவர் தமிழ்நாட்டிற்கு வந்தனர். அவ்யாத்திரையிலே திருவாவடுதுறை ஆதீனத்திற்குச் சென்று, அங்கே அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். சென்னையிலே சூடாமணி நிகண்டுரையும் சௌந்தரியலகரி உரையும் அச்சிடுவித்து, யந்திரத்தோடு ஊருக்குத் திரும்பினர். வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடத்துக்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டனர். இன்று நாம் வாய்நிறையச் சொல்லும் நாவலர் என்னும் பெயரே உத்தியோகம் விட்டபின் வந்த பெயராகும்.

அதன் பின் வெளிவந்தவற்றை யெல்லாம் ஈண்டு விரித்துரைப்பின் இக்கட்டுரை அடங்காது. பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள், 1852-ஆம் ஆண்டிலே பெரிய புராண வசனம், 1854-ஆம் ஆண்டிலே சைவ தூஷண பரிகாரம், 1861-ஆம் ஆண்டிலே பரிமேலழகருரையோடு திருக்குறட் பதிப்பு. இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் போன்ற வள்ளல்கள் சில பதிப்புகளுக்குப் பொருளுதவினர். தமிழாசிரியராகிய எமக்கு இவற்றுள் மிக வியப்பைத் தருவது பாலபாடமே. பெரும்புலவர் ஒருவர், ஏடு தேடிப் பாடம் ஒப்புநோக்கும் வேலையை வைத்துக்கொண்டே, ஐந்து வயதுப் பிள்ளை வாசித்தற்குச் சிறு சிறு வாக்கியமாக எழுதினர். எழுத்தறிந்த எவரும் தடையின்றி வாசிக்கும்படி, சந்தியைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளை இட்டும் வசனம் எழுதிக் காட்டினர். மிசன் பாடசாலையின் கீழ் வகுப்பிலே நின்று பழகாத புலவருக்கு அது தோன்றியிராது.

1864-ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். இன்றும் அந்நகரிலே அவர் பெயரால் பள்ளி நடைபெறுகின்றது. எடுத்தவை எல்லாம் நிலைத்தன என்று எண்ணிவிடலாகாது. சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றற்காக 1872-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை, பொருளுதவி போதாமையாற் சில ஆண்டுகளுள் மூடப்பட்டது. அவர் கருத்தை நிறைவேற்றும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, அவர் மறைந்து பல்லாண்டு சென்றபின் 1890-ஆம் ஆண்டிலே பிறரால் உருவாயிற்று.

சம்பளம் வாங்காதவர் ஒருவருக்கும் அஞ்சவேண்டுவதில்லை என்பர். நன்கொடையை நம்பி வாழ்பவர் நூறு பேருக்கு அஞ்சவேண்டும் என்பது உலகியல். நாவலரிடத்திலே முன்னது உண்மையாயிற்று, பின்னது பொய்யாயிற்று. கோயில் அதிகாரிகளானாலும், குருக்கள்மாரானாலும், செல்வரானாலும், பிழை கண்டவிடத்து எழுத்தாலும் பேச்சாலும் கடிந்தனர். அதனாற் பகைவர் பலராயினர். சில இடங்களில் அவர் சொற்கள் வேண்டுமளவுக்கு மேற் சூடேறியவை என்பதை, அவரை வணங்குகின்ற யாமும் ஒப்புக்கொள்கின்றோம். இராமலிங்க அடிகளாரோடு நிகழ்ந்த பிணக்கு, 1869-ஆம் ஆண்டிலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருபெரியாரையும் ஒருங்கு போற்றும் இக்காலத்தார்க்கு அது வருத்தந்தருவதே.

இன்னொன்றும் கூறியே தீரல் வேண்டும். சாதியின் பெயராற் கூடிய சங்கமொன்றின் தாளிலே இதனை எழுதுவது சிலருக்கு உவப்பாயிராது. நாவலர் வருணாச்சிரம ஒழுக்கத்தை வற்புறுத்தியவர். அவர் கண்ட வித்தியாசாலையின் வாயில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர்கள், அவர் எதிர்த்த மிசனரிமாரேயாவர். சம்பளத்தை விட்ட துணிவு அவருக்கு இருந்தது. பிறப்பு வேற்றுமையை விடும் துணிவு இருந்திலது. நம் மரபினர் என்று அவரைக் கொண்டாடும் நாம் இதனையும் நம் மரபின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

1877-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபொழுது, ஐம்பது வயதைக் கடந்த அவர், பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி தருமம் நடத்தினர். இருபத்தொன்பதாண்டாகச் சம்பளமின்றி வாழ்ந்தவர், இப்பொழுது ஊராரின் பசிக்காகக் கையேந்தினர். பிடியரிசி வாங்கிய அதே கையே அது.

பேர்சிவலைப் பற்றியும் ஒரு சொல். நாவலர் விலகிச் சில ஆண்டுகளுள் அவரும் வெசுலியன் மிசனை விட்டு விலகி, ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து சென்னைக்கு வந்தனர். அங்கே தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினர். மாநிலக் கல்லூரியிலே கீழ்நாட்டு மொழிகளுக்கு ஆசிரியராயினர். யாழ்ப்பாணத்து மற்றொரு தமிழறிஞராகிய சி. வை. தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு அழைத்துப் பத்திரிகை வேலையில் அமர்த்தியவரும் அவரே. துரையும் பண்டிதரும் ஒருவரையொருவர் இழிவாகப் பேசிக்கொண்டு பிரியாதது எமக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒருவர் சமயத்தை ஒருவர் ஒப்பாது, ஒருவர் தமிழை ஒருவர் மதித்து, பத்தாண்டுக்குக் குறையாது ஓரிடத்திருந்து, பின்னர்த் தத்தம் வழி சென்றனர்.

இவற்றையெல்லாம் யாம் அவ்விளைஞரை வீட்டிற்கு வருவித்துச் சொன்னோம். அவர் முதலிற் கேட்டது, வீட்டு வகுப்பு எந்த ஆண்டிலே தொடங்கியது என்பது. 1846 என்றோம். உத்தியோகம் விட்டது? 1848 செப்டம்பர். விரல் விட்டு எண்ணிக்கொண்டு சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குத் தாம் மாலையிலே கணக்குக் கற்பிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆயிற்றென்றும், தந்தையாருக்கு அது தெரியாதென்றும் மெல்லச் சொன்னார். அதனைத் தந்தையாரிடத்திலே தாமே சொல்லும்படி கூறி அனுப்பினோம்.

நாவலர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள், கார்த்திகை மாதத்து மக நாளிலே, சிவபதம் அடைந்தனர். உத்தியோகத்தை விட்டு முப்பத்தோராண்டு சென்றிருந்தது. ஐம்பத்தேழாவது வயது நிரம்பச் சில நாள்களே குறைந்தன. பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கிழமையைப் பார்த்தோம். வண்ணார்பண்ணையிலே முதற் பிரசங்கம் நிகழ்ந்த நாளைப் போலவே, அதுவும் வெள்ளிக்கிழமை.